'இங்' வடிவத்துக்கு முன் 'தி' எப்போது வரும்?

ஆங்கில வாக்கியத்தில் ஜெரண்டை, அதாவது வினையோடு 'இங்' சேர்ந்து பெயர்போல வரும் சொல்லை, அடையாளம் காணத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'ரீடிங்', 'சைனிங்' போன்ற தொழிற்பெயருக்கு முன் 'தி' சேர்க்கலாமா என்ற ஐயம் எழும்போது, பின்வரும் வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

படி 1: ஒரு செயலைப் பொதுவாகச் சொன்னால் 'தி' வேண்டாம். 'ஸ்விம்மிங் இஸ் குட் எக்சர்சைஸ்' என்றாலே போதும்.

படி 2: செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். 'ரீடிங் தி லெட்டர்' சரி. அங்குள்ள 'தி' கடிதத்துக்கு உரியது. 'ரீடிங்' என்பதற்கு முன்பும் 'தி' வந்துவிட்டால், அந்தச் சொல் வினைத்தன்மையை இழந்து முழுப் பெயர்ச்சொல்லாகிவிடுவதால், செயப்படுபொருளை நேராக ஏற்க முடியாது. இடையில் 'ஆஃப்' வந்தே தீர வேண்டும். எனவே 'தி ரீடிங் ஆஃப் தி லெட்டர்' சரி, 'தி ரீடிங் தி லெட்டர்' பிழை. 'தி', 'ஆஃப்' இரண்டும் சேர்ந்தே வர வேண்டும், அல்லது இரண்டுமே வரக்கூடாது என்று 1762-இல் வெளிவந்த தம் ஆங்கில இலக்கண நூலிலேயே ராபர்ட் லவுத் வலியுறுத்தினார்.

தமிழிலும் இதே நிலைதான். 'கடிதத்தை வாசிப்பது' என்போம், 'கடிதத்தின் வாசிப்பு' என்போம். 'கடிதத்தை வாசிப்பு' என்று யாரும் சொல்வதில்லை. ஐயம் வரும்போது இந்த இணையை நினைத்துக்கொண்டால் 'ஆஃப்' விடுபடாது.

படி 3: அடைமொழியை மாற்றுங்கள். 'ரீடிங் தி லெட்டர் ஸ்லோலி' என்பது மெதுவாக வாசிப்பது; 'தி ஸ்லோ ரீடிங் ஆஃப் தி லெட்டர்' என்பது மெதுவான வாசிப்பு. 'தி' வந்தால் 'ஸ்லோலி' போன்ற வினையடைக்குப் பதில் 'ஸ்லோ' போன்ற பெயரடையே பொருந்தும்.

படி 4: செய்தவர் யார் என்று கேளுங்கள். 'ஆஃப்டர் சைனிங் தி அக்ரிமென்ட், தி வொர்க் பிகேன்' என்று எழுதினால், வாக்கியத்தின் எழுவாயான வேலையே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதாகப் பொருள்படும். கையெழுத்திட்டவர் எழுவாயாக வராத இத்தகைய இடத்தில் 'ஆஃப்டர் தி சைனிங் ஆஃப் தி அக்ரிமென்ட்' என்பதே பொருத்தம். மற்ற இடங்களில் 'தி' இல்லாத வடிவத்தையே நான் பரிந்துரைக்கிறேன். அது சுருக்கமானது, பேச்சுக்கும் இயல்பானது. மேலும், 'தி ஷூட்டிங் ஆஃப் தி ஹன்டர்ஸ்' என்றால் வேட்டைக்காரர்கள் சுட்டார்களா, சுடப்பட்டார்களா என்பது விளங்காது.

'மீட்டிங்', 'பில்டிங்', 'பெயின்டிங்' போன்றவை தனிப் பெயர்ச்சொற்களாகவும் நிலைத்துவிட்டவை. அப்போது 'தி மீட்டிங்' என்பதற்கு 'ஆஃப்' தேவையில்லை. ஒரு சொல் இந்த வகையா என்று பார்க்க, தானியங்கித் திருத்திகளைவிட ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியையே நம்புங்கள்; அதில் எண்ணக்கூடிய பெயரா என்பது குறிக்கப்பட்டிருக்கும், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருக்கும்.

பின்சேர்க்கை: 'டூ தி ஷாப்பிங்' என்பதில் 'ஆஃப்' ஏன் இல்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 'டூ தி குக்கிங்', 'டூ தி வாஷிங்' ஆகியவை வழக்கமான வீட்டு வேலைகளைக் குறிக்கும் நிலைத்த தொடர்கள். அங்கே செயப்படுபொருள் இல்லாததால் 'ஆஃப்' வர வேண்டியதில்லை. ஆனால் 'கோ' வந்தால் 'தி' கூடாது: 'கோ ஷாப்பிங்' என்றே எழுத வேண்டும்.