சிஸ்பிளாட்டின் போட்டும் காமெட் வால் வரலையா? மருந்தை தூக்கிப் போடாதீங்க

கீமோ மருந்து டிஎன்ஏவை என்ன பண்ணிருக்குன்னு பாக்க லேப்ல நிறைய பேரு முதல்ல எடுக்கறது காமெட் அஸ்ஸே தான். செல்லை அகரோஸ் ஜெல்ல புதைச்சு, லைசிஸ் பண்ணி (அதாவது செல் சவ்வைக் கரைச்சு), கரண்ட் விட்டா உடைஞ்ச டிஎன்ஏ வெளிய ஓடி வால் நட்சத்திரம் மாதிரி தெரியும். வால் பெருசுன்னா டேமேஜ் அதிகம்னு சொல்லிக் குடுத்தாங்க, நானும் அதை அப்படியே புடிச்சுக்கிட்டேன்.

எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல எனக்கு சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்து வந்துச்சு. டோஸ் ஏத்த ஏத்த செல் சாகுது, ஆனா வால் மட்டும் வரவே இல்ல, மருந்து கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ரெண்டு தடவ புதுசா வாங்க வெச்சேன், மூணு வாரம் போச்சு. விஷயம் என்னன்னா சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவை உடைக்கறதில்ல, கட்டிப் போடுது. டிஎன்ஏ எழுத்துல ஒண்ணான குவானினோட என்7ங்கற நைட்ரஜன் இடத்துல போய் ஒட்டி, பெரும்பாலும் பக்கத்து பக்கத்து குவானின் ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்கும், கொஞ்சம் எதிர் இழையோடவும் முடிச்சு (கிராஸ்லிங்க்) போடும். எதிர் இழையோட முடிச்சு விழுந்துட்டா, காமெட்ல இழையை பிரிக்கப் போடற ஆல்கலைன் பஃபர்ல இழை பிரியாது, பிரியலன்னா ஓடாது. மைட்டோமைசின் சிங்கற மருந்தும் இதே கதை தான்.

இதுக்கு வழி இருக்கு. மருந்து போட்ட செல்லுக்கும் போடாத செல்லுக்கும் ஒரே அளவு எக்ஸ்ரே இல்லன்னா ஹைட்ரஜன் பெராக்சைடு குடுத்து நாமளே உடைக்கணும், அப்புறம் மருந்து போட்டதுல வால் எவ்ளோ *குறையுது*ன்னு பாக்கணும், அந்த குறைச்சல் தான் உங்க கிராஸ்லிங்க். மருந்து இல்லாம எக்ஸ்ரே மட்டும் வாங்கின ஸ்லைடு கண்டிப்பா வேணும், அது இல்லன்னா எதோட ஒப்பிடுவீங்க?

இன்னொண்ணு, சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல கரைக்காதீங்க. அதுல இருக்கற சல்ஃபர் பிளாட்டினத்தோட ஒட்டிக்கிட்டு மருந்தோட வேலையையே கெடுத்துடும். 0.9% சலைன்ல கரைங்க, அதை ஃப்ரிட்ஜ்லயும் வைக்காதீங்க, படிஞ்சிடும்.

எட்டோபோசைடுங்கற இன்னொரு கீமோ மருந்துக்கு தலைகீழ் பிரச்சனை. டிஎன்ஏவை வெட்டி திரும்ப ஒட்டற டோபோஐசோமரேஸ் 2 என்சைமை அது வெட்டின நிலையிலயே நிறுத்தி வைக்குது, மருந்தை கழுவி எடுத்துட்டா என்சைம் அந்த வெட்டை கொஞ்ச நேரத்துல தானே ஒட்டிடும். நீங்க பொறுமையா 37 டிகிரில வாஷ், ட்ரிப்சின், சென்ட்ரிஃப்யூஜ்னு போனா டேமேஜ் பாதி வழியிலயே காணாம போயிடும், அதனால முடிஞ்ச வரைக்கும் ஐஸ்ல, சீக்கிரம், வெளிச்சத்தையும் குறைச்சு வெச்சு பண்ணுங்க.

காமெட்டை விட்டுட்டு காமா எச்2ஏஎக்ஸ் (டிஎன்ஏ டேமேஜ் ஆன இடத்தை மைக்ரோஸ்கோப்புல புள்ளியா காட்டற புரத அடையாளம்) பாக்கறவங்க, புள்ளி தெரிஞ்சா ரெட்டை இழை உடைஞ்சிருக்குன்னு முடிவு கட்டாதீங்க. ஜெம்சிடபின் மாதிரி மருந்துல ரெப்ளிகேஷன் (டிஎன்ஏ நகல் எடுக்கறது) நின்னு போனாலே அந்த சிக்னல் வரும். நியூக்ளியஸ் முழுக்க ஒரே மாதிரி பளிச்சுன்னு இருந்தா அந்த செல் அப்போப்டோசிஸ்ல, அதாவது தன்னைத்தானே அழிச்சுக்கிட்டு, செத்துட்டு இருக்கலாம், அதை மருந்தோட நேரடி டேமேஜா எண்ணக் கூடாது. கூடவே அப்போப்டோசிஸைக் காட்டற ஒரு காஸ்பேஸ் ஸ்டெயின் வெச்சுக்கோங்க.

டாக்சோரூபிசின்ங்கற கீமோ மருந்து தானாவே சிவப்பு கலந்த ஆரஞ்சுல ஒளிரும், அதோட சிவப்பு ஆன்டிபாடி போட்டு கலர் தெரியுதுன்னு சந்தோஷப்பட்டவங்களை பாத்திருக்கேன், பாவமா இருக்கும். மருந்து மட்டும் போட்டு ஸ்டெயின் பண்ணாத ஒரு ஸ்லைடை முதல்ல மைக்ரோஸ்கோப்புல பாத்துடுங்க, தூர சிவப்பு டை இருந்தா அதுக்கு மாறிடுங்க.

கடைசியா கணக்கு. ஒரு ஸ்லைடுல 100 செல் எண்ணினா சாம்பிள் எண்ணிக்கை (n) 100 இல்லங்க, அது ஒரே ஒரு சாம்பிள். ஸ்லைடுக்கு ஒரு மீடியன் எடுத்து, வேற வேற நாள்ல செஞ்ச மூணு எக்ஸ்பரிமென்டை வெச்சு டெஸ்ட் போடுங்க, பி வேல்யூ முன்ன மாதிரி அழகா வராது, ஆனா இந்த நம்பரை நம்பித்தான் நாளைக்கு ஒருத்தர் அடுத்த டோஸை முடிவு பண்ணப் போறாரு.