கட்டன் குடித்துவிட்டுத் திருவிருந்துக்கு வரலாமா? முதன்முறை வருபவர்களுக்குப் படிப்படியாக

ஞாயிறு காலையில் ஆலய வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "விடியற்காலையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டேன். இன்று திருவிருந்து எடுக்கலாமா?" களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். இருட்டோடு எழுந்து மரம் மரமாக நடப்பவருக்கு அந்தக் கட்டன், அதாவது பால் சேர்க்காத தேநீர், இல்லாமல் கை ஓடாது. பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக எடுக்கலாம். காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

திடப்படுத்தல் வகுப்பை இப்போதுதான் முடித்தவர்களுக்கும், திருமணத்தாலோ வேறு வகையிலோ லூத்தரன் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நற்கருணை, திருவிருந்து, இராப்போஜனம் என்று மூன்று சொல்லும் எங்கள் சபையில் காதில் விழும். மலையாளம் பேசுபவர்கள் திருவத்தாழம் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்: ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறுவது. நாகர்கோவிலில் லூத்தரன் மிஷன் ஊழியம் தொடங்கிய 1907-இல் இந்தப் பக்கம் முழுவதும் திருவிதாங்கூர். தமிழக-கேரள எல்லை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் குறுக்கே வந்தது. அதனால் ஒரே பெஞ்சில் இரண்டு மொழி கேட்டால் மிரள வேண்டாம்.

படி 1: போதகரிடம் பெயர் கொடுங்கள்

முந்திய வாரமே சொல்லிவிடுவது நல்லது. வேறு சபையிலிருந்து வருபவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். முன்பே விசாரிக்கப்பட்டு, பாவமன்னிப்புப் பெற்றவர்களுக்கே திருவிருந்து கொடுப்பது வழக்கம் என்று லூத்தரன் சபைகள் ஏற்கும் 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 25-ஆம் பிரிவில் சொல்கிறது. விசாரணை என்றதும் காவல் நிலையத்தை நினைக்காதீர்கள். "இதில் என்ன பெறுகிறோம் என்று தெரியுமா?" என்பதே கேள்வியின் சாரம். இந்தப் பேச்சைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது எளிது. பீடத்துக்கு முன்னுள்ள கிராதித் தடுப்பின் முன்னால் முழங்காலிட்ட பிறகு பேசினால் இருவருக்கும் சங்கடம்.

என்ன பெறுகிறோம்? அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் கிறிஸ்துவின் மெய்யான சரீரத்தையும் இரத்தத்தையும். வெறும் நினைவுச் சின்னம் என்று லூத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. 1529 அக்டோபரில் மார்பர்க் நகரில், அது நினைவுச் சின்னமே என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியோடு விவாதிக்கும்போது "இது என் சரீரம்" என்ற வசனத்தை மேசைமேல் சுண்ணக்கட்டியால் லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டார். எத்தனை வாதம் வந்தாலும் விரல் அந்த எழுத்துக்கே திரும்பியது.

படி 2: சனிக்கிழமை மாலை, அரை மணி நேரம்

லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசப் பாடங்களைக் கேள்வி பதிலாகச் சொல்லும் அவருடைய சிறு நூலை, எடுங்கள். திருவிருந்துக்குப் போகிறவர்களுக்கான 20 கேள்வி பதில்கள் அதன் பல பதிப்புகளில் பின்பக்கம் இருக்கும். "நீ பாவி என்று நம்புகிறாயா?" என்று தொடங்கும். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்பது அடுத்தது. பத்துக் கட்டளைகளால் தெரியும், அவற்றை நான் கைக்கொள்ளவில்லை என்பது பதில். இங்கே வேகமாக ஓடாதீர்கள். ஒவ்வொரு கட்டளையிலும் நின்று, இந்த வாரம் வீட்டில், வேலையில், கடைத்தெருவில் என்ன நடந்தது என்று பாருங்கள். எட்டாம் கட்டளைக்குத்தான் எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். பிறரைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது அது; எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தவருக்குக் காரணம் புரியும்.

எனக்கு மிகப் பிடித்தது இருபதாவது கேள்வி. திருவிருந்தின் தேவையே மனதில் உறைக்காதவன் என்ன செய்வது? மார்புக்குள் கையை விட்டு, இன்னும் சதையும் இரத்தமும் இருக்கிறதா என்று தொட்டுப் பார் என்கிறது பதில். பிறகு சுற்றிலும் பார், இன்னும் உலகத்தில்தானே இருக்கிறாய்? வகுப்பில் பிள்ளைகளை உண்மையாகவே நெஞ்சில் கை வைக்கச் சொல்வேன். சிரிப்பார்கள். பிறகு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

படி 3: சண்டையைத் தீர்ப்பதும், பட்டினி பற்றியும்

மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்பது மத்தேயு 5-ஆம் அதிகாரம். எங்கள் வீட்டுக் கையாலையை ஒட்டி ஒரு பலாமரம் நிற்கிறது. வேர் எங்கள் பக்கம், காய் பெரும்பாலும் சித்தப்பா பக்கம். ஒரு வருடம் அதனால் பேச்சு நின்றது. ஒரு சனிக்கிழமை மாலை போய் முற்றத்தில் நின்றேன். பேச ஒன்றும் வரவில்லை. "சித்தப்பா, நாளைக்குத் திருவிருந்து" என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "இவனுக்கு ஒரு சாயா போடு" என்றார். மரத்தைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. பேச்சு திரும்பிவிட்டது. மறுதரப்பு கதவைச் சாத்திவிட்டால் நீங்கள் தகுதியற்றவராகிவிட மாட்டீர்கள், போனீர்களே, போதும்.

இனிக் கட்டன் விஷயம். உபவாசமும் உடலை ஆயத்தப்படுத்துவதும் நல்ல வெளிப் பழக்கம் என்றே ஞானோபதேசம் சொல்கிறது. ஆனால் மெய்யாகத் தகுதியுள்ளவன், இயேசு திருவிருந்தில் சொன்ன "உங்களுக்காக" என்ற வார்த்தையை நம்புகிறவன். இதை அறியாமல் எங்கள் சபையில் ஒரு பெரியவர் ஆண்டுக்கணக்கில் பெரிய வெள்ளிக்கு மட்டும் முன்னால் வந்தார். அன்றுதான் வெட்டுக்குப் போகமாட்டார், அதனால் வயிறு காலியாக இருக்கும். மற்ற ஞாயிறுகளில் கடைசி பெஞ்ச். பட்டினி உங்களுக்கு உதவினால் இருங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.

படி 4: ஞாயிறு காலை

உடை சுத்தமாக இருந்தால் போதும், வெள்ளைதான் வேண்டும் என்பதில்லை. நேரத்துக்கு வருவதே முக்கியம். பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும் ஆராதனையின் தொடக்கத்திலேயே வந்துவிடும். பிரசங்கத்துக்கு வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த மன்னிப்பின் சொல்லை இழக்கிறார்கள். பிரசங்கமும் காணிக்கையும் முடிந்தபின், "உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்" என்று போதகர் அழைப்பார். "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" பாடியதும், இயேசு திருவிருந்தை ஏற்படுத்தியபோது சொன்ன நியமன வார்த்தைகள் வரும். அப்போது புத்தகத்தைப் புரட்டாதீர்கள். "உங்களுக்காக" என்பது எங்கே வருகிறது என்று காது கொடுங்கள்.

படி 5: கிராதி முன்னால்

வரிசையாகப் போய், பீடத்தின் முன் முழங்காலிடுங்கள். முழங்கால் வலிப்பவர்கள் நிற்கலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. எங்கள் சபையில் இடது உள்ளங்கையின்மேல் வலது உள்ளங்கையை வைத்து நீட்டுவோம். நாவில் வாங்குபவர்களும் உண்டு. அப்பம் புளிப்பில்லாத, மெல்லிய வட்டத் தகடு. காய்ந்த வாயில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதறாமல் பாத்திரம் வரும்வரை பொறுங்கள், ரசம் அதை இளக்கிவிடும். பொதுப் பாத்திரம் வரும்போது அதன் அடிப்பாகத்தை மெதுவாகப் பிடித்து உதட்டுக்கு வழிகாட்டுங்கள்; தலையை அண்ணாந்தால் சிந்தும். சிறு கிண்ணங்கள் தரும் சபைகளும் உண்டு, அங்கே இந்தக் கவலை இல்லை.

கடைசி பெஞ்ச் பெரியவர் பிறகு ஒரு சாதாரண ஞாயிற்றில் எனக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். நீட்டிய கையின் விரலிடுக்கில் ஒட்டுப்பால் காய்ந்திருந்தது. போதகர் அப்பத்தை அதன்மேல் வைத்து, "உங்களுக்காக" என்றார்.

படி 6: இடத்துக்குத் திரும்பியபின்

உடனே அக்கம்பக்கத்தில் பேச்சை ஆரம்பிக்காமல் சிறிது ஜெபியுங்கள். சபை எழுந்து சிமியோனின் பாட்டைப் பாடும். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய கிழவர், இனிச் சமாதானத்தோடு போகலாம் என்று பாடியது. நன்றி ஜெபமும் ஆசீர்வாதமும் அதன்பிறகுதான். பஸ் பிடிக்க நடுவில் நழுவாதீர்கள். பாறசாலைக்கு அடுத்த பஸ் வரும்.