முதல் சவரக்கத்தி: டர்பனில் இருந்து வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மடக்குக் கத்தியால் சவரம் செய்கிறேன் என்று தெரிந்ததில் இருந்து, தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்து நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கத்தி வாங்கலாம்?" ஆளுக்கு ஆள் வாட்ஸாப்பில் பதில் எழுதுவதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் என் கருத்து. கம்பெனிப் பெயர், பிடியின் அழகு, பெட்டியின் பளபளப்பு எல்லாம் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. கத்தி உங்கள் கைக்கு வரும்போதே சவரத்துக்கு ஏற்றபடி தீட்டி வருகிறதா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் கிடைக்காத எந்தக் கத்தியையும் முதல் கத்தியாக வாங்காதீர்கள்.

1. பிளேடு மாட்டும் கத்தியா, தீட்டும் கத்தியா?

சலூனில் பார்ப்பது பெரும்பாலும் பிளேடு மாட்டும் கத்தி. ஒருவருக்குப் பட்ட பிளேடு இன்னொருவருக்குப் படக் கூடாது. ரத்தத்தால் பரவும் நோய்களைத் தடுக்க அதுதான் சரியான வழி. வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

"முதலில் பிளேடு கத்தியில் பழகு, அப்புறம் நிஜக் கத்திக்கு வா" என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிளேடு கத்தி எடை குறைந்தது, விளிம்பு மிக மெல்லியது, கோணம் கொஞ்சம் தவறினாலும் உடனே வெட்டும். தீட்டும் கத்தியின் எடை கையைத் தானாகவே நிதானப்படுத்தும். இரண்டும் வேறு வேறு கைப்பழக்கம். தீட்டும் கத்திதான் வேண்டும் என்றால் நேராக அதற்கே வாருங்கள்.

சுருட்டை முடி, கெட்டித் தாடி உள்ளவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. பல பிளேடு ரேசர் முடியை இழுத்துத் தோலுக்குக் கீழே வெட்டும். அது வளரும்போது தோலுக்குள்ளேயே மடங்கிப் பருவாகும். ஒற்றை விளிம்பு தோல் மட்டத்தில் வெட்டுவதால் அந்தத் தொல்லை பலருக்குக் குறைகிறது.

2. அளவும் வடிவமும்

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகச் சொல்வார்கள். 5/8 என்றால் சுமார் 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் சுமார் 19. இந்த இரண்டில் எதுவும் சரி. 4/8 மூக்கின் கீழே எளிதாகப் போகும், ஆனால் நுரையைத் தாங்காது. 7/8-க்கு மேல் போனால் தாடை வளைவில் திருப்புவது புதியவர்களுக்குச் சிரமம்.

முனை வட்டமாக இருக்கட்டும். சதுர முனை மீசை ஓரத்தைத் துல்லியமாக வெட்டும். காது மடலையும் அதே துல்லியத்தோடு வெட்டும்.

கத்தியின் இரு பக்கமும் எவ்வளவு உள்ளே குழிந்திருக்கிறது என்பதில் மூன்று வகை. முழுக்குழிவுக் கத்தி மெல்லியது, வெட்டும்போது சத்தம் கேட்கும். ஆப்பு வடிவம் கனமானது, தீட்ட அதிக நேரம் பிடிக்கும். நடுவில் உள்ளது அரைக்குழிவு. கெட்டித் தாடிக்கு அரைக்குழிவுதான் என் தேர்வு.

3. 'ஷேவ் ரெடி' என்ற சொல்லை நம்பும் முன்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். புதுக் கத்தி வாங்கிய பலர் ஒரு வாரத்தில் அதை மூட்டை கட்டி வைப்பது இதனால்தான். எனக்கு வந்த முதல் கத்தியின் விளம்பரத்திலும் 'ஷேவ் ரெடி' என்றுதான் இருந்தது. கன்னத்தில் வைத்தால் முடியைப் பிடித்து இழுத்தது. கத்தியில் குறை இல்லை. தொழிற்சாலை விளிம்போடு அப்படியே வந்திருந்தது. தீட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாங்கிய பிறகு அதே கத்தி வேறு கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது.

தொழிற்சாலை விளிம்பு காகிதத்தை வெட்டும், கட்டை விரலில் கூர்மையாகத் தெரியும். முகத்துக்கு அது போதாது. 1000 கிரிட் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) விளிம்பின் சரிவை அமைத்து, 4000, 8000 என்று ஏறி, பலர் 12000 வரை போய் முடிப்பார்கள். இந்த வேலையைக் கையால் செய்து அனுப்பும் விற்பனையாளரைத் தேடுங்கள். வாங்கும் முன் இப்படி எழுதிக் கேளுங்கள்: "இந்தக் கத்தியை யார் தீட்டினார்? கடைசியாக எந்தக் கல்லில் முடித்தார்? அனுப்பும் முன் சோதித்துப் பார்த்தாரா?" வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு விளக்கமாகப் பதில் சொல்வார். "கம்பெனியில் இருந்து கூர்மையாகத்தான் வருகிறது" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

பார்சல் வந்ததும் தோல் வாரில் (சவரத்துக்கு முன் விளிம்பைத் தேய்த்துச் சீராக்கும் தோல் பட்டை) தேய்க்காதீர்கள். முதலில் முன்கை முடியில் சோதியுங்கள்: தோலைத் தொடாமல், சில மில்லிமீட்டர் உயரத்தில் கத்தியை நகர்த்தும்போது முடி நுனிகள் உதிர வேண்டும். விளிம்பின் அடி, நடு, முனை மூன்றிலும் பாருங்கள். பிறகு வாரில் தேய்க்காமலே முதல் சவரம் செய்யுங்கள். பழகாத கை வாரில் கத்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாலே விளிம்பு மடங்கிவிடும். அப்புறம் முடி இழுத்தால், தீட்டியவர் குறையா, வாரில் நேர்ந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

கத்தி கூரில்லாமல் வந்தால் சாணைச் சக்கரம் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சமையல் கத்திக்கும் அரிவாளுக்கும் சக்கரம் சரி. சவரக்கத்தி விளிம்பு அத்தனை மெல்லியது என்பதால் நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகு மென்மையாகிவிட்டது என்று பொருள். அதைத் தீட்டிச் சரிசெய்ய முடியாது.

4. புதியதா, பழையதா?

ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், இந்த இரண்டு ஊர்க் கத்திகளும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. போக்கர், டோவோ, தியேர்-இஸ்ஸார் என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். சோலிங்கன் என்ற ஊர்ப் பெயரைக் கத்தியில் யார் பொறிக்கலாம் என்பதற்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டமே உண்டு. வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியும், சுங்கத் தீர்வை இருந்தால் அதுவும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

சீனாவின் 'கோல்ட் டாலர்' என்ற கம்பெனிக் கத்தி மலிவு. எஃகு மோசமில்லை, ஆனால் வடிவத்தைச் சரிசெய்து தீட்டத் தெரிந்தவர் கைக்குப் போய்வந்தால்தான் பயன்படும். அலைக்கோடு போட்ட எஃகு, செதுக்கிய பிடி என்று அலங்காரமாக மிக மலிவாக விற்கும் கத்திகளைத் தொடவே வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். கத்தியின் அகலத்தை முதுகின் தடிமனால் வகுங்கள். விடை 3-க்கும் 4-க்கும் நடுவில் வர வேண்டும். 16 மில்லிமீட்டர் அகலத்துக்கு 4.5 மில்லிமீட்டர் முதுகு இருந்தால் விளிம்புக் கோணம் சுமார் 16 பாகை; அது நல்ல கோணம். தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படுவதால், முதுகின் தடிமன்தான் கோணத்தை முடிவு செய்கிறது. முதுகு தவறாக இருந்தால் கல்லால் எதுவும் செய்ய முடியாது.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரில் செய்த பழைய கத்திகள். எங்கள் நேட்டால் பகுதி ஆங்கிலேயர் காலனியாக இருந்தது என்பதால் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பழம்பொருள் கடைகளில் வேட் அண்ட் புட்சர், ஜோசப் ராட்ஜர்ஸ் போன்ற பெயர்கள் கண்ணில் படும். கடைக்குப் போகும்போது நகைக்கடை லென்ஸ் ஒன்றும் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றும் எடுத்துப் போங்கள். கத்தியைக் கண்ணாடி மேல் தட்டையாக வைத்தால் ஆடக் கூடாது, ஆடினால் முறுக்கேறியிருக்கிறது. விளிம்பு லேசாக வெளியே வளைந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே குழிந்திருந்தால் வேண்டாம். முதுகில் தேய்ந்த பளபளப்புக் கோடு இருபுறமும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கு அருகே துரு இருந்தால் விலை குறைத்துக் கேட்கலாம். விளிம்பில் கரும்புள்ளி இருந்தால் விலை எதுவானாலும் வைத்துவிட்டு வாருங்கள். புள்ளி உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியில் இருந்து தெரியாது.

பொறித்த எழுத்தை வைத்து வயதை ஓரளவு ஊகிக்கலாம். அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891-இல் வந்தது. அதனால் 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று பொறித்தவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. படித்துக்கொண்டே போனால் இதிலேயே ஒரு மாலை போய்விடும்! ஆனால் வயது அதிகம் என்பதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள். முகத்துக்குத் தேவை விளிம்பு மட்டுமே.

5. டர்பன் ஈரக்காற்று

வெளிநாட்டு வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துபோகும். கோடையில் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு அது போதாது. கார்பன் எஃகு ஒரே இரவில் புள்ளி போடும்.

சவரம் முடிந்ததும் நன்றாகத் துடையுங்கள், பிடியின் இரு தகடுகளுக்கு நடுவிலும் துணியை விட்டு. மடக்காமல் சில மணி நேரம் திறந்தே வையுங்கள். பிறகு ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகும். தையல் மெஷின் எண்ணெயோ, மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபினோ போதும். கத்தியைக் குளியலறையில் வைக்காதீர்கள். தோல் உறையிலும் வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு கவனிக்க நேரமில்லை என்றால் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். தீட்டக் கொஞ்சம் அடம் பிடிக்கும், ஆனால் அதுவும் நல்ல கத்திதான்.

6. வாரும் கல்லும்

கையில் உள்ள பணம் முழுவதையும் கத்தியில் போடாதீர்கள். தோல் வார் கட்டாயம் வேண்டும். முதல் வாரில் எப்படியும் வெட்டு விழும்; எனவே மலிவான வார் போதும், அகலம் இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல். கல் இப்போது வேண்டாம். முறையாக வாரில் தேய்த்து வந்தால் நல்ல விளிம்பு பல மாதம் தாங்கும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஜோகன்னஸ்பர்க் வாசகர் ஒருவர், அங்கே துருத் தொல்லை குறைவு, ஆனால் குளிர்காலத்தில் தோல் வார் வறண்டுவிடுகிறது என்று எழுதியிருந்தார். உண்மைதான். அது உயரமான, வறண்ட ஊர். உள்ளங்கையால் வாரை அடிக்கடி தேய்த்துவிடுங்கள். கை எண்ணெயே போதும். கொம்புப் பிடி, மரப்பிடி சுருங்கும் என்பதையும் கவனியுங்கள்.

தந்தப் பிடிக் கத்தி ஒன்றை பிரிட்டனில் இருந்து வரவழைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். யானைத் தந்தம், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. பிரிட்டனிலும் தந்த வியாபாரத்துக்கு எதிரான 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதிகம் பேர் கேட்டது, வீட்டுப் பெட்டியில் கிடைத்த தாத்தாவின் கத்தியைப் பற்றி. கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள், ஆனால் முதலில் பிடியைப் பாருங்கள். ஆமையோடு போலத் தெரியும் பழைய பிடிகள் பல செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக்கால் ஆனவை. செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவி வரும்; மடக்கி வைத்த கத்தியையே அது அரித்துவிடும். கற்பூர வாடை அடித்தாலோ, பிடி வெடித்துப் பொடிந்தாலோ, பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் கத்தி துருப்பிடித்திருந்தாலோ உடனே மற்றக் கத்திகளில் இருந்து தனியே எடுத்து வையுங்கள். ஆணியைக் கழற்றிப் பிடியை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்தால் எஃகைக் காப்பாற்றலாம். அதற்குள் நீங்களாகவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; தேய்த்தால் எழுத்தும் போய்விடும், முதுகின் தடிமனும் குறைந்துவிடும்.