ஹெச்பி 48ஜிஎக்ஸ்-ல் பழைய ராம் கார்டை வேலை செய்ய வைத்தது

1993-ல் வந்த ஹெச்பி 48ஜிஎக்ஸ் கால்குலேட்டருக்குள் இருக்கும் மெமரி மொத்தமே 128 கேபி, ரெண்டு மூணு பெரிய லைப்ரரி (புரோகிராம் தொகுப்பு) ஏற்றியதும் இடம் தீர்ந்துவிட்டது. கைமாறி வந்த 1 எம்பி ராம் கார்டு (கூடுதல் மெமரி கார்டு) ஒன்றை, கால்குலேட்டரை அணைத்துவிட்டு இரண்டாவது போர்ட்டில் செருகி ஆன் செய்தால், ‘இன்வாலிட் கார்டு டேட்டா’ என்று திரையில் வந்து நிற்கிறது. இதைப் பார்த்து கார்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காலி கார்டுக்கும் அதேதான் வரும். மறுபடி அணைத்து, கார்டு ஓரத்துக் குட்டி சுவிட்ச் எழுத விடாத பக்கம் இருந்ததை நகத்தால் தள்ளிவிட்டு, ஆன் செய்து, கார்டைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்யும் பினிட் (PINIT) கட்டளை கொடுத்தேன். அவ்வளவுதான். அந்த ஒரே கார்டு, ஒவ்வொன்றும் 128 கேபியாக, 2 முதல் 9 வரை எண்ணிட்ட எட்டு போர்ட்டுகளாகப் பிரிந்து கிடைத்தது, உள்ளே ஏற்கெனவே இருந்த எதையும் பினிட் தொடவில்லை.

கார்டை மெயின் மெமரியோடு சேர்க்கும் வசதி முதல் போர்ட்டில் செருகும் கார்டுக்கு மட்டும்தான். அப்படிச் சேர்த்த கார்டை, அதைப் பிரித்துவிடும் ஃப்ரீ1 (FREE1) கட்டளை கொடுக்காமல் உருவினால் மெமரி போய்விடும்! அப்புறம், கார்டுக்குள் இருக்கும் சிஆர்2016 பேட்டரியை மாற்றும்போது கார்டு செருகியபடியே, கால்குலேட்டர் ஆனில் இருக்கட்டும்.