பதிவு எண் இருந்தால் போதுமா? பூச்சிமருந்து, மரபணுப் பயிர் அனுமதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவுப் பண்டங்களைச் சாப்பிட்டவர்கள் கொத்துக்கொத்தாக மயங்கி விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாவில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்து, பத்து ஆண்டு கழித்து 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. பரிதாபாத்தில் இருக்கும் பதிவுக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்தப் பூச்சிமருந்தையும் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்பது அதன் மையம். உரக்கடையில் நாம் வாங்கும் பாட்டிலில் சி.ஐ.ஆர். என்று தொடங்கும் எண் இருப்பது அதனால்தான்.

அந்த எண்ணைப் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. குழு எந்த மருந்தையும் பொத்தாம்பொதுவாக 'ஆபத்தில்லாதது' என்று சொல்வதில்லை. இந்த மூலப்பொருள், இந்த வீரியத்தில், இந்தப் பயிரில், இந்தப் பூச்சிக்கு, எக்டேருக்கு இவ்வளவு, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் என்று நிபந்தனை போட்டுத்தான் தருகிறது. நெல்லுக்கு மட்டும் பதிவான மருந்தை வெண்டைக்கு அடித்தால் அந்த அனுமதி அங்கே செல்லாது. நெல் அறுத்துக் காய்ந்து அரைபட்டு உலைக்குப் போக நாளாகும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம், மறுநாள் சந்தையில் இருக்கிறது. நெல்லை வைத்துக் கணக்கிட்ட காத்திருப்பு நாள் வெண்டைக்கு எப்படிப் பொருந்தும்?

இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. தன் வீட்டிலோ, தோட்டத்திலோ, தான் பயிரிடும் நிலத்திலோ ஒருவர் பூச்சிமருந்தைப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது 38-ஆம் பிரிவு. தயாரிப்பவரையும் விற்பவரையும் பிடிக்கும் சட்டம் வயல் வரப்போடு நின்றுவிடுகிறது. விவசாயியை வழக்கு, அபராதம் என்று அலைக்கழிக்கக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம், எனக்கும் அதில் பெரிய மறுப்பில்லை. ஆனால் விளைவு என்ன? மோனோகுரோட்டோபாஸ் என்ற கொடிய பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆண்டுக்கணக்கில் இருந்தது. பருத்திக்கென்று வாங்கிய பாட்டில் கத்தரிக்குப் போனால் அதைப் பார்க்க வயலில் யாரும் இல்லை. பாட்டிலோடு வரும் துண்டுப் பிரசுரத்தைப் பிரித்துப் படிப்பவர்தான் அங்கே ஒழுங்குமுறை அதிகாரி, வேறு ஆள் கிடையாது.

"அண்ணே, இதுலயும் ஒரு மூடி சேத்து அடிங்க, நல்லாக் கேக்கும்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் ஊற்றுவதும் இதே வகைத் தவறு. புரோபனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த கலவை கடையில் கிடைக்கிறதே என்பார்கள். அந்தக் கலவைக்குத் தனியாகப் பதிவு உண்டு. நாம் வயலில் கலக்கும் கலவையை எந்தக் குழுவும் பார்த்ததில்லை.

பச்சை முக்கோணம் என்றால் பயமில்லை என்ற நம்பிக்கைக்கு வருவோம். லேபிளில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நான்கு நிறங்களும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில்: ஒரே தடவையில் உடலுக்குள் போனால் எவ்வளவு சீக்கிரம் கொல்லும்? சோதனை விலங்குகளில் பாதி இறக்கத் தேவையான அளவு, உடல் எடை கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பத்து வருடம் தெளிப்பவரின் நரம்புக்கு என்ன ஆகும், கிணற்று நீரில் எவ்வளவு காலம் தங்கும், தேனீக்கும் மீனுக்கும் என்ன செய்யும் என்பதெல்லாம் அந்த நிறத்தில் இல்லை. கையுறையும் முகக்கவசமும் பச்சைக்கும் வேண்டும்.

'உயிரி மருந்து, இயற்கை, பதிவு எதுவும் தேவையில்லை' என்று விற்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, வேப்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் எல்லாமே விற்பனைக்கு வரும்போது அதே 1968 சட்டத்துக்குள் வருபவைதான். நீங்களே வீட்டில் வேப்பங்கொட்டைக் கரைசல் போட்டு உங்கள் வயலுக்கு அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டிலில் அடைத்து விலை போட்டால் கேட்க வேண்டும். உயிரி என்று எழுதிய புட்டிக்குள் ரசாயனத்தைக் கலந்து விற்பது கேள்விப்படாத சங்கதியல்ல. பதிவு இல்லாத சரக்கில் உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆள் கிடையாது. பில்லும் தராமல் வெறும் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பயிர் கருகிய பின் நுகர்வோர் நீதிமன்றத்தில் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு அரசு, தற்கொலைகளில் அதிகம் அடிபட்ட ஆறு பூச்சிமருந்துகளை 60 நாளுக்குத் தடை செய்தபோது, "இரண்டு மாதம் தடை செய்து என்ன பயன், கண்துடைப்பு" என்று பலர் எழுதினார்கள். கோபம் நியாயம், குறி தவறு. மாநில அரசுக்குச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அவ்வளவுதான் அதிகாரம் தருகிறது: விசாரணை முடியும்வரை 60 நாள், தேவைப்பட்டால் இன்னும் 30. நிரந்தரமாகப் பதிவை ரத்து செய்யும் கை டெல்லியில் இருக்கிறது. கேட்க வேண்டியதை அங்கே கேட்க வேண்டும்.

'ஒன்றைத் தடை செய்தால் இன்னொன்றைத் தேடிப்போவார்கள்' என்ற வாதத்துக்கு இலங்கையில் பதில் இருக்கிறது. 1995-ல் மோனோகுரோட்டோபாஸ், 1998-ல் எண்டோசல்பான் என்று கொடிய மருந்துகளை அவர்கள் ஒவ்வொன்றாக விலக்கினார்கள். 1995-க்கும் 2005-க்கும் இடையே அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதை 2021-ல் எல்லா ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே இரவில் நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கிய கதையோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. முதலாவது ஆராய்ந்து எடுத்த களை, இரண்டாவது வயலுக்கே வைத்த தீ.

மரபணு மாற்றுப் பயிர்களில் குழப்பம் இன்னும் அதிகம். பி.டி. என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி செய்த பி.டி. கத்தரியை 'விஞ்ஞானிகள் நிராகரித்தார்கள்' என்று பேசுபவர்கள் உண்டு. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அந்த ரகங்களை உருவாக்கியதில் பங்கு உண்டு. பிறகு அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். நிறுத்திவைப்பு வேறு, நிராகரிப்பு வேறு. அதே ஆண்டு குழுவின் பெயரில் இருந்த 'அனுமதி' போய் 'மதிப்பீடு' வந்தது; முடிவெடுப்பது அரசு என்று தெளிவானது. வங்கதேச விவசாயிகள் 2014 முதல் பி.டி. கத்தரி பயிரிடுகிறார்கள்.

அனுமதி கிடைத்த பி.டி. பருத்தியில் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடமாகப் படுகிறது. 2002 மார்ச்சில் ஒப்புதல் தந்தபோது, வயலின் ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். புழு முழுவதும் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடாமல் இருக்க அது புகலிடம். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாக வந்தது. பலர் அதைத் தூக்கிப் போட்டார்கள். புழு தின்னட்டும் என்று நிலத்தை விட யாருக்கு மனம் வரும்? புகலிடம் இல்லாமல் போனது ஒரு முக்கியக் காரணமாக, சில ஆண்டுகளிலேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. நஞ்சைத் தாங்கிப் பிழைக்கத் தொடங்கியது. ஆய்வகத்தில் சோதித்தது சரியாகவே இருந்திருக்கலாம். சிறு விவசாயி கடைப்பிடிக்க முடியாத நிபந்தனையை எழுதிவிட்டு அனுமதி தந்ததுதான் பிழை.

கடைசியாக, மரபணுத் திருத்தம் செய்த நெல். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கமலா, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 ஆகியவற்றைப் பி.டி. கத்தரியோடு ஒன்றாக்கிப் பேசுவது தவறு. வேற்று உயிரியின் மரபணு இறுதிச் செடியில் இல்லாத வகைகளுக்கு, மரபணு மாற்று உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் முக்கியப் பகுதிகளிலிருந்து 2022 மார்ச்சில் விலக்கு தரப்பட்டது. அவை மதிப்பீட்டுக் குழுவின் முழு விசாரணைக்குப் போவதில்லை. வேற்று மரபணு மிச்சமில்லை என்று முதலில் சரிபார்ப்பது, உருவாக்கிய நிறுவனத்திலேயே இயங்கும் உயிரிப் பாதுகாப்புக் குழு. அதில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவர் இருப்பார். அந்தச் சரிபார்ப்பின் தரவுகளைப் பொதுவில் வையுங்கள் என்று கேட்பது, 'பி.டி. அரிசி வந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் பரப்புவதைவிடப் பயனுள்ள வேலை.