காயலான் கடையில் அப்பாவின் ஃபியட்: மீட்டெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இரும்புக் கடை வாசலில் நின்று கண் கலங்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டுமாவது யாரேனும் எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

அப்பா 1982-இல் வாங்கி 1997-இல் விற்ற கார் அது. பதிவுப் புத்தகத்தில் பிரீமியர் பத்மினி; எங்கள் வீட்டில் எப்போதும் ‘ஃபியட்’. திருச்சிக்கு வெளியே ஒரு காயலான் கடையில் அதைப் பார்த்ததாக அத்தை மகன் தொலைபேசியில் சொன்னான். “மாமா ஒட்டிய பிள்ளையார் டேஷ்போர்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்” என்றான். மறுநாள் காலை நான் அங்கே நின்றேன். கடைக்காரர் ஒருமுறை காரைப் பார்த்தார், ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். எடை மேடைக்குப் போக வேண்டிய வண்டி அந்த நொடியில் அரும்பொருளாகிவிட்டது.

பத்மினியின் எடை ஏறத்தாழ 900 கிலோ. கண்ணாடி, இருக்கை, ரப்பர் ஆகியவற்றைக் கழித்துவிட்டு அன்றைய இரும்பு விலையால் பெருக்கினால் அடிப்படைத் தொகை தெரிந்துவிடும். அதற்கு மேல் அவர் கேட்பதில் பெரும்பகுதி உங்கள் முகத்துக்கான விலை. எனவே முதல்முறை போகும்போது அந்தக் காரில் ஒருநாளும் ஏறியிராத ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பேச்சை அவரிடம் விட்டுவிடுங்கள். கையில் பணம் வேண்டாம். ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டாலே மனம் காருக்கு வக்கீலாகிவிடும்; அதன்பிறகு கண்ணில் படும் ஓட்டைகளுக்கெல்லாம் அதுவே சமாதானம் சொல்லும்.

அது உங்கள் கார்தானா?

கேள்வியே அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் முப்பது ஆண்டில் நான்கைந்து கை மாறிய காரில் எஞ்சின் வேறொன்றாக இருக்கும், கதவு இன்னொரு காரிலிருந்து வந்திருக்கும், நிறம் மூன்று முறை மாறியிருக்கும். நம்பர் பலகையை மட்டும் பார்த்து உருகுகிறவர்கள் பலர். பலகையை எந்தக் காரிலும் மாட்டலாம். உடம்பில் பொறித்த சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சில் தேய்த்துக் காகிதத்தில் எடுங்கள். வீட்டில் பழைய இன்ஷூரன்ஸ் தாளோ ஆர்.சி. புத்தக நகலோ இருந்தால் ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் இரும்புப் பெட்டியில் 1991-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் தாள் ஒன்று கிடைத்தது. சேசிஸ் எண் ஒத்துப்போனது. எஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து பார்த்துக்கொண்டிருந்த எஞ்சின் எப்போதோ வேறெங்கோ போய்விட்டது. எண் பொறித்த இடத்தில் தகடு வெட்டி ஒட்டப்பட்டிருந்தாலோ, எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ, அன்போடு திரும்பி வந்துவிடுங்கள். அது திருட்டு வழக்கில் போய் முடியக்கூடிய வண்டி.

பானட்டைத் திறந்து பார்த்து முடிவு செய்வது

எல்லாரும் செய்யும் தவறு இதுதான். பணத்தை அதிகம் தின்னும் தவறும் இதுதான். ஆண்கள் நால்வர் ஒரு பழைய காரைச் சுற்றி நின்றால் அடுத்த நிமிடம் பானட் திறந்திருக்கும். எஞ்சின் சுற்றுகிறதா, கார்ப்பரேட்டர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உண்மையில் பழைய காரில் ஆகக் குறைந்த தலைவலி எஞ்சின்தான். பத்மினியின் 1,089 சி.சி. எஞ்சின் எளிய நான்கு சிலிண்டர் எந்திரம். நல்ல லேத் பட்டறையில் சிலிண்டரைப் போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றி, கிராங்கைக் கிரைண்டிங் செய்துவிட்டால் மறுபடியும் ஓடும். அதுவும் முடியாவிட்டால் வேறு எஞ்சின் கிடைக்கும்.

வேறு உடம்பு கிடைக்காது. ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேசிஸ் கிடையாது. தகடுகளை மடித்து வெல்டிங் செய்த பெட்டிதான் கார். தோலும் அதுவே, எலும்பும் அதுவே. கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டித் தகடு (கீழ்ப்பெட்டி), காலடித் தகடு, முன் ஸ்பிரிங்கும் பின் பட்டை ஸ்பிரிங்கும் உடம்போடு சேரும் இடங்கள், டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் குழி ஆகியவை துருவுக்குப் பிடித்தமான இடங்கள். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயிண்டில் சிறு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே தகடு ஏற்கெனவே அப்பளமாகியிருக்கும். காயலான் கடையில் ரப்பர் பீடிங் கழன்ற கண்ணாடி வழியே மழைநீர் இறங்கி, பாயின் அடியில் ஆண்டுக்கணக்கில் தேங்கியிருக்கும். பாயைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் உடம்பெங்கும் ஓட்டுங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் தகடு இல்லை, ஓட்டையை மூடிப் பூசிய பட்டிதான். ஸ்குரூ டிரைவரின் முனையால் கீழ்ப்பெட்டியைக் குத்துங்கள். டங் என்று கேட்டால் நல்லது, சரக்கென்று உள்ளே போனால் போதும், வேறு சோதனை வேண்டாம். இவை இரண்டிலும் தேறிய காருக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவுகளைத் திறந்து மூடுங்கள். கதவு இறுகினாலோ பூட்டு பொருந்தாமல் போனாலோ உடம்பு வளைகிறது, அதாவது எலும்பில் வலு இல்லை.

எங்கள் ஃபியட்டில் கடைக்காரர் ஜாக்கியை வைத்ததும் கார் எழவில்லை. ஜாக்கிதான் காருக்குள் போனது.

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் சட்டகம் இருந்தது. உடம்பு அதன்மேல் போல்ட்டில் நிற்கும். சட்டகம் நன்றாக இருந்தால் மேலே உள்ளவற்றைத் துண்டு துண்டாகக் கழற்றிச் சீர்செய்யலாம். உங்கள் தாத்தாவின் கார் ஹெரால்டாக இருந்தால் நான் இவ்வளவு கடுமையாகப் பேச மாட்டேன்.

காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

காரைச் சரிசெய்து நிறுத்திவிட்டால் காகிதம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வராது. காகிதம் உயிரோடு இருக்கிறதா என்பதை ஸ்பேனரைத் தொடும் முன் பாருங்கள்.

பதிவு ரத்தான கார் சட்டத்தின் கண்ணில் கார் இல்லை. 2021-இல் வந்த வாகன அழிப்பு விதிகளின்படி பதிவு பெற்ற அழிப்பு மையத்துக்குப் போய்ச் சான்றிதழும் வழங்கப்பட்டுவிட்ட வண்டி மறுபடியும் சாலைக்கு வர வழியில்லை. சாதாரணக் காயலான் கடையில் கிடப்பவற்றில் பல வண்டிகளுக்கு யாரும் எதையும் ரத்து செய்திருக்க மாட்டார்கள். பதிவு காலாவதியாகி வெறுமனே கிடக்கும். அங்கேதான் நம்பிக்கை. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, பதிவு எடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறதா, கடன் குறிப்பு நீக்கப்படாமல் நிற்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். மூன்றெழுத்தில் தொடங்கும் பழைய பதிவு எண்கள் பல கணினியில் ஏறியிருக்காது. உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31. அந்த வாரிசு உங்களுக்கு யாரோ. அவர் ஏன் உங்களுக்காக அலைய வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

சொந்தக் கார்களுக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனையுடன் புதுப்பிப்பு. அப்பா 1997-இல் ஏன் விற்றார் என்பதே இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் அறிவிப்பின்படி 20 ஆண்டைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் தனி. பசுமை வரி அதற்கும் தனி. இவையெல்லாம் கட்டிய பிறகு, ஊரில் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் வண்டி பிரேக் பிடித்து நிற்க வேண்டும்.

“விண்டேஜ் என்று பதிவு செய்துவிடலாமே” என்று ஒரு நண்பர் கட்டாயம் சொல்வார். 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். 1982 ஃபியட் அந்த வாசலுக்குப் போக 2032 ஆக வேண்டும்.

பொறுமையின்மையால் வருபவை

வாங்கியேவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே பேட்டரி கட்டி ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசை வரும். வேண்டாம். ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். டாங்கில் உள்ள பெட்ரோல் அரக்காகியிருக்கும். அதை முழுவதும் வடிக்காமல் எஞ்சினைத் தொடாதீர்கள். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும், எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்பின் சவ்வும் அதைத் தாங்காது, அவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது, பெயிண்டை முதலில் அடிப்பது. கார் பளபளத்தால் வீட்டில் எதிர்ப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் பிறகு வெல்டிங் தீப்பொறி அதன்மேல் விழும். டிங்கரிங், பிரேக், எஞ்சின், வைரிங் எல்லாம் முடிந்து நூறு கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே நிறம்.

உதிரிப் பாகக் கணக்கிலும் ஏமாறுவோம். சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் எஞ்சின் சாமான்கள் தேடினால் அகப்படும். அகப்படாதவை சிறியவை: குரோமிய கிரில், மீட்டர் முகப்பு, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவின் அலுமினியப் பட்டை. மும்பையில் 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சியும் ஓய்வுபெற்றுவிட்டது. டாக்சிகளுக்காக ஓடிய உதிரிப் பாகச் சந்தை இனி சுருங்கத்தான் செய்யும். ஆகவே விலை பேசும்போது எஞ்சின் இல்லாத காரைவிட இந்தச் சில்லறைகள் இல்லாத காருக்குக் குறைவாகக் கொடுங்கள்.

முழுத் தொகையையும் ஒரே பட்டறையில் முன்பணமாகக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பட்டறைக்காரருக்குத் தினமும் வரும் வண்டிதான் சோறு போடும். உங்கள் வண்டி மூலைக்குப் போகும், அதன்மேல் மற்ற வண்டிகளின் பம்பரை வைப்பார்கள். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முடிந்ததற்கு மட்டும் பணம் கொடுங்கள்.

இன்னொன்று: “பழைய உடம்பில் புது எஞ்சின் போட்டு, பவர் ஸ்டியரிங் வைத்து, ஏ.சி. மாட்டி” என்று தொடங்கும் யோசனை. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கச் சட்டம் இடம் தருவதில்லை என்பது ஒருபுறம். ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கியர் தண்டும் போய்விட்டால் மிச்சமிருப்பது யாருடைய கார்?

வீட்டில் கேட்காமல் இருப்பது

ஜாக்கி காருக்குள் போன அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். “அந்தக் காரா? கொடைக்கானல் மலையில் மூன்று இடத்தில் கொதித்து நின்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அதற்கு ஊற்றினோமே. அதை விற்ற அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்” என்றார்.

எனக்கு அந்தக் காரில் என்ன வேண்டும் என்று அன்றிரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அப்பாவின் மடியில் உட்கார்ந்து, அவர் கிளட்சை மிதித்ததும் “இரண்டு” என்பார், நான் அந்தக் கியர் தண்டை இழுப்பேன். வேறு எதுவும் எழுத வரவில்லை. உடம்பு தேறி, காகிதமும் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு வரிக்காகவே காரை எடுத்திருப்பேன். இங்கே கீழ்ப்பெட்டி இரண்டு பக்கமும் இல்லை. ஆர்.சி. மூன்றாவது உரிமையாளர் பெயரில் நின்றது. அவர் இறந்து பத்தாண்டு. இந்த நிலையில் ஒருவர் உண்மையிலேயே ஃபியட் ஓட்ட விரும்பினால், காகிதம் சரியாக உள்ள, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு ஃபியட்டை வாங்கி, அப்பாவின் காரிலிருந்து எடுத்த பாகங்களை அதில் மாட்டுவதே மலிவு. நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மறுவாரம் போய் ஸ்டியரிங்கையும் கியர் தண்டையும் கழற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் 1,500 ரூபாய் கேட்டார், பைசா குறைக்கவில்லை. பிள்ளையாருக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, சாமிக்கெல்லாம் விலை சொல்வதில்லை என்றார். அவரே உளியால் மெல்லத் தட்டிப் பெயர்த்து, அடியில் அப்பா வைத்த எம்-சீல் கட்டியோடு என் கையில் கொடுத்தார்.