ஃபில்டர் ஒன்றுதான், எண்ணிக்கை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், தொண்டி விசைப்படகுகளின் இன்ஜின், கியர்பாக்ஸ் வேலைகள் அதற்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் கணினியில் டிக்கெட் (வேலைப் பதிவு) போட்டு வேலை வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஃபில்டர் (சேமித்து வைத்த தேடல்) மேனேஜருக்கு 40 பாக்கி, மெக்கானிக்குக்கு 31 பாக்கி என்று காட்டினால் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். ஜிரா, ரெட்மைன், பக்ஸில்லா என்ற டிக்கெட் மென்பொருள்கள் மூன்றுமே பார்ப்பவருக்கு அனுமதி உள்ளதை மட்டும்தான் எண்ணும். மீதி 9 மறைந்திருப்பதாகச் சொல்லவும் சொல்லாது. மெக்கானிக் திரையில் பாக்கி 0 என்று வந்ததை நம்பிப் படகை இறக்குவதுதான் பெரிய தவறு.

ஃபில்டரைப் பகிர்ந்தால் டிக்கெட்டும் சேர்ந்து போகும் என்ற நினைப்பும் தப்பு. ஜிராவில் போவது தேடல் நிபந்தனை மட்டுமே. டாஷ்போர்டுக்கும் (எண்ணிக்கைகளைத் தொகுத்துக் காட்டும் பக்கம்) இதே கதை.

நிபந்தனையை மாற்றி மாற்றி எழுதும் முன், விடுபட்ட ஒரு டிக்கெட்டின் எண்ணைக் கொடுத்து மெக்கானிக்கின் லாகினிலேயே திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் கோளாறு நிபந்தனையில். திறக்காவிட்டால் அனுமதியில். ஜிராவில் முதலில் புராஜெக்ட்டைப் பார்க்க விடும் 'பிரவுஸ் புராஜெக்ட்ஸ்' அனுமதி, அடுத்து அந்த டிக்கெட்டை யார் பார்க்கலாம் என்று வரையறுக்கும் செக்யூரிட்டி லெவலில் இடம், இரண்டும் வேண்டும். ரெட்மைனில் மெக்கானிக்கின் ரோலை (அனுமதிகளின் தொகுப்பு) திறந்து, டிக்கெட் பார்வை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள்: எல்லாம், பிரைவேட் நீங்கலாக எல்லாம், தான் போட்டது அல்லது தன் பெயரில் உள்ளது. வம்பு மூன்றாவதில்தான். மேனேஜர் போட்ட கியர்பாக்ஸ் டிக்கெட்டைப் பாம்பன் மெக்கானிக் மண்டபம் லேத்துக்காரர் பெயருக்கு மாற்றிய நொடியே அது அந்த மெக்கானிக்கின் பட்டியலிலிருந்து போய்விடும். வேலை முடிந்ததாக அவர் நினைத்துக்கொள்வார்.

பக்ஸில்லாவில் தலைகீழ்க் குழப்பம். டிக்கெட்டுக்கு இரண்டாவது குழுவைச் சேர்த்தால் பார்ப்பவர்கள் கூட மாட்டார்கள், குறைவார்கள். பொதுவாக இரண்டு குழுவிலும் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அட்மின் லாகினில் சோதித்துவிட்டு "எனக்குச் சரியாக வருதே" என்பதில் பயனில்லை. ரெட்மைன் அட்மினுக்கு எல்லாமே தெரியும். ஜிராவில் அட்மினுக்கே அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை ஒத்துவரட்டும் என்று மெக்கானிக்கை அட்மின் ஆக்குவது இன்னும் மோசம். ரெட்மைனில் படகு முதலாளிகளின் கடன் பாக்கிக்கென்று பூட்டி வைத்த டிக்கெட்டும் திறந்துகொள்ளும்.

தினமும் தானாக ஓடும் ரிப்போர்ட்டை ஒருவரின் சொந்த டோக்கனில் (அவர் பெயரில் மென்பொருளுக்குள் நுழைய விடும் ரகசியக் குறியீடு) கட்டாதீர்கள். அவர் ரோல் மாறினால் எர்ரர் வராமலே கணக்கு இளைத்துவிடும். தேவையான எல்லா புராஜெக்ட்டிலும் பார்வை அனுமதி மட்டும் உள்ள தனி அக்கவுன்ட் ஒன்றை அதற்கென வையுங்கள். புது புராஜெக்ட் தொடங்கும்போதெல்லாம் அதையும் சேர்க்க வேண்டும்.